ஓரகத்தியின் நாடி

1954 ஆவணியில் நஞ்சம்மாள் மருமகளாக வந்து இறங்கியபோது திருப்பூர் பல்லடம் ரோட்டு வீட்டில் ஒரே ஒரு பின்னல் மெஷின் இருந்தது. கையால் சுற்றுவது. கணவர் செங்கோட்டையன் நூல் வாங்கப் போகும் நாட்களில் அவள்தான் சுற்றினாள். 1973-க்குள் மெஷின்கள் ஆறாகி, ஆறும் மோட்டாரில் ஓடி, வீட்டின் பின்பாதி முழுக்கப் பனியன் கம்பெனியாகிவிட்டது. துணி மடிப்பது, தையல் ஆட்களுக்கு டீ, வருகிற உறவு ஒறம்பரைக்குச் சோறு என்று எதுவும் அவள் கை படாமல் நடக்காது. நடுவில் இரண்டு பெண் பிள்ளைகளைப் பெற்றாள். மாமியார் பெரியாத்தாள் யார் வந்தாலும் ஒன்றையே சொல்வாள்: "நஞ்சம்மா இல்லீன்னா இந்த ஊடு ஒரு நாளைக்கு ஓடாதுங்க."

நகை, நன்றி, ஓய்வு எல்லாமே அவளுக்கு அந்த ஒரு பேச்சுதான். அது கைநழுவிப் போகும் என்று அவள் நினைத்ததே இல்லை, 1973 தை மாதம் வரை.

அந்த வீட்டின் சின்ன மருமகள் குழந்தையம்மாள். செங்கோட்டையனின் தம்பி திருமூர்த்தியின் மனைவி. பல்லடத்தில் தறி வைத்திருக்கும் குடும்பத்திலிருந்து வந்தவள். நல்ல நிறம், எதற்கெடுத்தாலும் சிரிப்பு, ஒரு பெண் குழந்தை. தை மாதம் ஒருநாள் வெட்டிய துணி பீஸ் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறியவள் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. நெஞ்சுக்குள் மீன் துள்ளுகிற மாதிரி இருக்கிறது என்றாள்.

பெரியாத்தாள் மிளகாயும் உப்பும் எடுத்து வந்து சுற்றினாள்.

"நேத்துத்தான் சீவி முடிச்சு செவப்புச் சீலை கட்டிக்கிட்டு நின்னா. பாக்குற கண்ணெல்லாம் நல்ல கண்ணா இருக்குதா" என்று சொன்னவள், மிளகாயை அடுப்பில் போடும்போது பெரிய மருமகளைப் பார்த்தாள்.

"என்னைய எதுக்குங்க அத்தை பாக்குறீங்க? என்ற வேலைய விட்டு நான் நிமுந்து பாத்தே வருஷமாச்சு" என்றாள் நஞ்சம்மாள்.

மிளகாய் கமறிய பிறகும் மீன் துள்ளுவது நிற்கவில்லை. வீடே கிளம்பி டாக்டர் ஞானசம்பந்தத்திடம் போயிற்று.

டாக்டர் முதலில் மணிக்கட்டைப் பிடித்தார். பிறகு நெஞ்சில் குழாயை வைத்தார். நர்ஸைக் கூப்பிட்டு, "நீ கையை எண்ணு, நான் நெஞ்சை எண்றேன்" என்றார். கைக்கடிகாரம் ஒரு சுற்று வந்ததும் இருவரும் சொன்ன எண்கள் பொருந்தவில்லை. நர்ஸின் எண் மிகவும் குறைவு.

"சின்ன வயசுல முட்டியெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்துச்சுங்களா?"

"வந்துச்சுங்க. பத்து வயசுல. ஒரு மாசம் பள்ளிக்கூடமே போகலைங்க" என்றாள் குழந்தையம்மாள்.

டாக்டர் எல்லோருக்குமாகச் சொன்னார். இதயத்தில் நாலு அறை. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் கதவு. அந்தக் காய்ச்சல் இடதுபக்கக் கதவை இறுக்கிவிட்டது. ரத்தம் போக வழி குறுகி, மேலறை வீங்கி, இப்போது சுருங்கி விரிவதற்குப் பதில் சும்மா நடுங்கிக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து தாறுமாறாகச் சேதி வருவதால் கீழறையும் இஷ்டத்துக்கு அடிக்கிறது. பாதி அடிகளில் பலமில்லை, அவை கை வரைக்கும் வந்து சேருவதில்லை. "அதுதான் நெஞ்சுல ஒரு எண்ணிக்கை, கையில ஒரு எண்ணிக்கை."

வீட்டில் உள்ளவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று ஒவ்வொருவரையும் அந்த மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். கடைசியாக நஞ்சம்மாளின் முறை. விரலுக்கடியில் இரண்டு அடி ஓடியது, ஒன்று காணாமல் போனது, பெரிதாக ஒன்று வந்தது, பின்னால் சின்னச் சின்னதாக நாலைந்து முண்டியடித்தன. சந்தைக் கடைதான். வீட்டுக்கு வந்ததும் அவள் தனியாக உட்கார்ந்து தன் கையைப் பிடித்துப் பார்த்தாள். டக், டக், டக். செக்குமாடு சுற்றுகிற மாதிரி ஒரே நடை.

அதில்கூட அவளுக்கு ஒரு கசப்பு. "சீக்குக்கூட அவளுக்குக் கோயமுத்தூர் போயிப் படம் புடிக்கிற சீக்கா வருது. நமக்கு வந்தா மொளகு ரசத்துல போற சளிதான்" என்று மூத்த மகளிடம் சொன்னாள்.

திருமூர்த்தியும் பெரியாத்தாளும் குழந்தையம்மாளைக் கோயமுத்தூருக்குக் காரில் கூட்டிப்போனார்கள். நெஞ்சிலும் கையிலும் காலிலும் பட்டை கட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். நீளத் தாளில் கோடுகள் கண்டபடி குதித்திருந்தன. டாக்டர் ஞானசம்பந்தம் அதைப் பார்த்து, தான் நினைத்ததுதான் என்றார். நடுங்கும் அறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகலாம், அது மூளைக்குப் போனால் ஒரு பக்கம் விழுந்துவிடும், வாய் கோணினாலோ கை மரத்தாலோ பேச்சு குழறினாலோ அந்த நிமிஷமே தூக்கிக்கொண்டு வரவேண்டும் என்றார். ரத்தம் உறையாமல் காக்கிற மருந்து இருக்கிறது, ஆனால் அதற்கு அடிக்கடி ரத்தம் சோதிக்க வேண்டும், அந்த வசதி இங்கே இல்லை என்பதையும் மறைக்கவில்லை. இதயத்தின் வேகத்தைக் குறைக்க டிஜாக்சின் மாத்திரை. நீர் பிரிய இன்னொன்று. நீரோடு சத்தும் போய்விடும், அதனால் தினம் இளநீர். உப்பு குறைக்க வேண்டும். பாரம் தூக்கக் கூடாது.

"இன்னொண்ணு. அடுத்த குழந்தை இப்போதைக்கு வேண்டாம். இந்த நெஞ்சு தாங்காது."

பெரியாத்தாள் முகம் கறுத்தது. அந்த வீட்டில் மூன்றும் பெண் குழந்தைகள்.

டிஜாக்சின் உடம்பில் தங்கிச் சேருகிற மருந்து. வாரத்தில் ஞாயிறும் புதனும் வேண்டாம், மற்ற நாட்களில் ஒன்று என்றார் டாக்டர்.

"கெழமையெல்லாம் இவளுக்கு நெனப்பிருக்காதுங்க" என்றார் திருமூர்த்தி. "ஞாயிறு கம்பெனி லீவு. புதன்கிழமை எங்க லைனுக்குக் கரண்ட் கட்டு. ரெண்டு நாளும் மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடாத நாள் மாத்திரை இல்லைன்னு வெச்சுக்கறமுங்க."

டாக்டர் சிரித்தார். "நல்ல யோசனை. அப்படியே வெச்சுக்குங்க."

அந்த ஏற்பாடு கோடை முழுக்கக் கச்சிதமாக நடந்தது. பின்கட்டில் மோட்டார் சத்தம் கேட்டால் குழந்தையம்மாள் மாத்திரை போட்டுக்கொள்வாள். கேட்காவிட்டால் போடமாட்டாள். மூச்சு இரைப்பு குறைந்தது. மாசி முடிவதற்குள் முகத்தில் பழைய நிறம் வந்தது.

வீட்டின் நடை மாறியது. வீட்டில் இருந்த ஒரே மேசை விசிறி சின்னவளின் அறைக்குப் போனது. காலையில் வெட்டும் முதல் இளநீர் அவளுக்கு. உப்பில்லாத குழம்பைத் தனிச் சட்டியில் வைப்பது நஞ்சம்மாள், அதைத் தட்டில் போட்டு எடுத்துப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து உண்ணச் சொல்லுவது பெரியாத்தாள். ஒறம்பரை வந்தால், "எங்க சின்னவளுக்கு நெஞ்சுல கதவு இறுகிப் போச்சுங்க" என்று ஆரம்பித்து, அந்தக் கதை முடிவதற்குள் காப்பி ஆறிவிடும். காப்பி போட்டது யார் என்று யாரும் கேட்பதில்லை. வீடு யாரால் ஓடுகிறது என்ற பேச்சும் நின்றுபோயிற்று.

குழந்தையம்மாளும் கொஞ்சம் அனுபவித்தாள்.

"அக்கா, அந்தச் செம்பை எடுத்துக் குடுங்க. டாக்டர் குனியக் கூடாதுன்னாருங்க."

"குனியக் கூடாதுன்னாரா, அசையவே கூடாதுன்னாரா?"

"ரெண்டுந்தானுங்க" என்று சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு நஞ்சம்மாளுக்கு இரண்டு நாள் நெஞ்சில் நிற்கும்.

நஞ்சம்மாள் கண்காணிக்க ஆரம்பித்தாள். சின்னவள் எத்தனை முறை மாடிக்குப் போனாள், யாரும் பார்க்காதபோது குழந்தையை இடுப்பில் தூக்கினாளா, ஊறுகாய்ச் சாடியின் மூடி நகர்ந்திருக்கிறதா. மாத்திரை விழுங்குவதைக்கூட அடுக்களையில் நின்றபடியே பார்ப்பாள். அக்கறையினால் இல்லை. என்றைக்காவது கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

ஆடி கழிந்ததும் மலையில் நல்ல மழை. அணைகள் நிறைந்தன, மின்வெட்டு நீங்கியது. அதே வாரத்தில் வடக்கிலிருந்து தீபாவளி ஆர்டர் வந்தது. புதன்கிழமை லீவு போனது. பிறகு ஞாயிற்றுக்கிழமையும் போனது. ஆட்களை இரண்டு ஷிப்டாகப் பிரித்து, மோட்டாரை நிறுத்தாமல் ஓட்டினார்கள் அண்ணனும் தம்பியும். கம்பெனியில் எல்லோர் கண்ணும் டஜன் கணக்கின் மேல்தான் இருந்தது. நஞ்சம்மாளுக்கு உட்கார நேரமில்லை. குழந்தையம்மாளுக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். வெளுத்து வரும் பனியன்களை ஸ்டூலில் உட்கார்ந்தபடி விரித்துப் பார்த்து, கறையோ ஓட்டையோ இருந்தால் ஒதுக்க வேண்டும்.

புரட்டாசியில் அவளுக்கு வாந்தி வந்தது. சோற்றைக் கண்டால் குமட்டியது. நாளும் தள்ளிப் போயிருந்தது.

பெரியாத்தாள் முகம் மலர்ந்ததை வீடே பார்த்தது. அன்று முதல் யாரும் டாக்டரிடம் போகக் கூடாது என்று அவள் சொல்லிவிட்டாள். "போனா அந்த மனுசன் கலைச்சுப் போடோணும்பாரு. நாலு மாசம் போகட்டும். அப்பறம் அவரே ஒண்ணும் சொல்ல முடியாது." பிள்ளைத்தாய்ச்சிக்குச் சளி பிடிக்கும் என்று இளநீரையும் நிறுத்தினாள். திருமூர்த்தி தயங்கினார், ஆனால் தாயை எதிர்த்துப் பேசவில்லை. குழந்தையம்மாளுக்குப் பேசத் தெம்பில்லை, அதை யாரும் கவனிக்கவில்லை. மசக்கைக்காரி என்றால் அப்படித்தான் இருப்பாள்.

நஞ்சம்மாள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். சீக்காளியாக இருக்கும்போதே அவள் ராணி. பையன் வேறு பிறந்துவிட்டால்? கம்பெனி அவனுக்கு, பெரிய மருமகள் அவன் துணி துவைக்க. அவளுடைய இரண்டு பெண்களும் கல்யாணமாகிப் போகிறவரைக்கும் விருந்தாளிகள். தூக்கத்திலும் அவள் இதையே நினைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் மஞ்சள் பிரச்சினை வந்தது.

கம்பெனிக்கு வெளுத்துக் கொடுப்பவர் கந்தப்பன். நஞ்சம்மாளின் சொந்த அண்ணன். அவிநாசிபாளையத்திலிருந்து வந்து வீரபாண்டியில் பிளீச்சிங் தொட்டி போட்டுப் பிழைப்பவர். குழந்தையம்மாள் அவருடைய பனியன்களை ஒவ்வொன்றாக ஒதுக்கினாள். மஞ்சள் பாய்ந்திருக்கிறது என்றாள். ஒதுக்கிய குவியல் நல்ல குவியலைவிடப் பெரிதாகிவிட்டது. அவசரத்தில் திருமூர்த்தி அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் மூட்டையாகக் கட்டித் திருப்பி அனுப்பிவிட்டார். மதியமே கந்தப்பன் சைக்கிளில் மூட்டையோடு வந்து நின்றார். ஒரு பனியனை எடுத்து வெயிலில் விரித்துப் பிடித்தார்.

"இதுல எங்க அம்மிணி மஞ்ச? பால் மாதிரி இருக்குது."

"எனக்கு மஞ்சளாத்தானுங்க தெரியுது" என்றாள் குழந்தையம்மாள், ஸ்டூலில் இருந்து எழுந்திருக்காமலே. "சோறுகூட அப்படித்தான் தெரியுதுங்க."

"மாசமா இருக்கிறவளுக்கு ஆயிரம் தெரியும். அவகிட்ட என்ன நாயம் கேக்குறீங்க, மாப்பிள்ளைகிட்டக் கேளுங்க" என்றாள் பெரியாத்தாள்.

கந்தப்பன் தங்கையின் முகத்தைப் பார்த்தார். மூட்டையைக் கீழே போட்டுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் சைக்கிளை மிதித்தார். பிறந்த வீட்டு மனுஷன் தன் கண்ணெதிரே தலை குனிந்து போனதை நஞ்சம்மாளால் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் சின்னவள் பாயில் படுத்திருந்தாள். நஞ்சம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"கையக் காட்டு புள்ள. சும்மா பாக்குறேன்."

"ஏனுங்கக்கா, நாடி பாத்து ஆணா பொண்ணான்னு சொல்லுவீங்களா?"

"ஆமா, கூடவே பேரும் வெப்பேன். காட்டு."

விரலை வைத்தாள். சந்தைக் கடையைக் காணோம். டக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டக். அதே அளவு பொறுத்து இன்னொன்று. அவளுடைய சொந்த நாடியைவிட ஒழுங்காக, அவசரமே இல்லாமல் அடித்தது. எவ்வளவு நேரம் பிடித்தாலும் ஒன்றுகூடப் பிசகவில்லை.

நஞ்சம்மாள் கையை விட்டாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சீக்கு எப்போதோ குணமாகிவிட்டது. இத்தனை நாளும் நடிப்பு. தன் அண்ணனை அவமானப்படுத்த வேண்டுமென்றே வெள்ளையை மஞ்சள் என்கிறாள்.

மறுநாள் காலை, முழங்கால் வலிக்கு மருந்து வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுத் தனியாக டாக்டரிடம் போனாள். கோள் சொல்லத்தான் போனாள். டாக்டருக்குத் தெரிந்தால் அந்தப் பிள்ளையைக் கலைத்துவிடுவார் என்பதற்காகத்தான் போனாள். அதை அவள் பின்னால் யாரிடமும் மறுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கூட்டம். முறை வந்ததும் உள்ளே போனாள்.

"என்னங்கம்மா உங்களுக்கு?" என்றார் டாக்டர்.

"எனக்கு என்னைக்கு என்ன வந்துருக்குதுங்க. எங்க சின்னவ சங்கதி. உங்ககிட்ட மறைக்கிறாங்க. அவ முழுகாம இருக்கிறா. நீங்க வேண்டாம்னு சொன்னதுதானுங்களே. நீங்கதான் ஒரு முடிவு பண்ணோணும்." வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "வாந்தி இருக்குதுங்களா?"

"குடம் குடமா எடுக்குறா."

"மாத்திரையெல்லாம் சாப்பிடறாங்களா?"

"அதுக்கென்ன குறைச்சல். எனக்கு ஞாயித்துக்கெழமைகூட லீவு இல்லாமப் போச்சு. அவ மாத்திரைக்கும் லீவு இல்ல. உக்காந்த எடத்துல தெனமும் முழுங்குறா."

"தெனமுமா?"

"மோட்டார் நிக்கறதே இல்லீங்களே. கரண்ட் வந்ததுல இருந்து ராவும் பகலும் ஓடுது."

டாக்டர் விரல்விட்டு வாரங்களை எண்ணினார். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்திருந்த நஞ்சம்மாள், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

"இன்னொண்ணு சொல்றனுங்க. அவளுக்குச் சீக்கே இல்ல. நேத்துக் கையப் புடிச்சுப் பாத்தேன். நீங்க அன்னைக்குக் காட்டுனப்ப ஒரே களேபரமா இருந்துச்சு. இப்பக் கெடியாரமாட்ட ஒரே சீரா அடிக்குது. அத்தனையும் நடிப்பு."

டாக்டர் எழுந்துவிட்டார். "சீரா அடிக்குதா? வேகமாவா மெதுவாவா?"

"மெதுவாத்தான். ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல ஒரு வெத்தலை மடிச்சுப் போடலாம்."

"கண்ணு பத்தி ஏதாச்சும் சொல்றாங்களா?"

"வெள்ளையெல்லாம் மஞ்சளாம். எங்கண்ணன் வெளுத்த துணி பூரா மஞ்சளாம். அதை ஏன் கேக்குறீங்க."

அவர் பையை எடுத்துக்கொண்டு, காத்திருந்த கூட்டத்துக்கு நர்ஸைப் பதில் சொல்ல விட்டுவிட்டு, நஞ்சம்மாளைக் காரில் ஏறச் சொன்னார். அவள் அதற்கு முன் கார் ஏறியதில்லை. அன்றைக்கு அது அவளுக்கு உறைக்கவும் இல்லை.

"அந்த நாடி சீராகவே கூடாதுங்கம்மா" என்றார் டாக்டர், வண்டியை ஓட்டிக்கொண்டே. "மேலறை நடுங்கிட்டுத்தான் இருக்கும். மாத்திரை அதை நிறுத்தாது. அங்கிருந்து கீழ போற சேதியைக் கொறைக்கும், அவ்வளவுதான். மாத்திரை உடம்புல அளவுக்கு எச்சாச் சேந்துட்டா, சேதி சுத்தமா நின்னு போயி, கீழறை தன்பாட்டுக்கு மெதுவா அடிக்க ஆரம்பிக்கும். அதான் கெடியாரம் மாதிரி இருக்குது. அது குணமானதில்லை, மருந்து விஷமானது. வாந்தி, மஞ்சளாத் தெரியறது, எல்லாம் அதோட அடையாளம்."

"அப்ப… புள்ள?"

"அதை அப்புறம் பாக்கலாம். இன்னும் ரெண்டு நாள் இப்படியே போனா நெஞ்சு நின்னுரும்."

நஞ்சம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அவர்கள் போனபோது குழந்தையம்மாள் தண்ணீர்த் தொட்டியோரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. டாக்டர் நெஞ்சையும் கையையும் சேர்த்துப் பார்த்தார். இரண்டிலும் ஒரே எண்ணிக்கை, நாற்பதைத் தாண்டவில்லை. பெரியாத்தாள் குறுக்கே வந்தாள்.

"சாமி, பையன் தங்கியிருக்கான். மசக்கைதானுங்க. பொட்டச்சிங்களுக்கு இதெல்லாம் வாரதுதான்."

"பையன் இருக்கானோ இல்லையோ, தாயி இருக்கணும். வழியை விடுங்க" என்றார் டாக்டர். பின்னால் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. செங்கோட்டையன் ஓடிப்போய் நிறுத்தினார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் போட்டு இரண்டு மாத்திரைகளையும் நிறுத்தினார் டாக்டர். சத்து ஏறக் கசப்பு மருந்து கொடுத்தார், இளநீரும் ஆரஞ்சும் மறுபடி வந்தன. கோயமுத்தூரிலிருந்து ஈ.சி.ஜி. மெஷினைக் காரில் வரவழைத்தார். லேடி டாக்டர் ஒருவர் வந்து பார்த்து, கர்ப்பம் எதுவும் இல்லை, உடம்பு கெட்டதில் நாள் தள்ளியிருக்கிறது என்றார். பெரியாத்தாள் வெளி பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள்.

துணைக்கு இருந்தது நஞ்சம்மாள். டாக்டர் அப்படிச் சொல்லிவிட்டார். கையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், நடை மாறினால் நர்ஸிடம் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் மத்தியானம், பிடித்திருந்த விரலுக்கடியில் ஒரு அடி முந்திக்கொண்டு வந்தது. அடுத்தது பிந்தியது. அப்புறம் மூன்று சேர்ந்து ஓடின. பழைய சந்தைக் கடை திரும்பியிருந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "இப்பத்தான் நல்லா இருக்குது" என்றார்.

அவர் போனதும் குழந்தையம்மாள் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"அக்கா. நீங்க எதுக்கு டாக்டர்கிட்டப் போனீங்கன்னு எனக்குத் தெரியும்."

நஞ்சம்மாள் ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"நெசமாலுமே புள்ள இருந்திருந்தா?"

"அப்பவும் இதேதான் சொல்லியிருப்பேன்."

"நெனச்சேன்." குழந்தையம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். "எனக்கு அந்த ஆரஞ்சு வேண்டாம். நீங்களே உண்ணுங்க."

"நீ உண்ணாட்டி உன்ற மாமியா என்னைத் திம்பா. வாயைத் தொற."

வீடு திரும்பும் நாளில் டாக்டர் திருமூர்த்தியைக் கூப்பிட்டார். "மோட்டார் கணக்குக்கு நானும் தலையாட்டினேன். தப்புதான். மருந்துக்குக் கம்பெனி லீவு தெரியாது." தினசரி காலண்டர் ஒன்றை வாங்கிவரச் செய்து, ஞாயிறையும் புதனையும் சிவப்புப் பென்சிலால் அடித்துக் கொடுத்தார். மாத்திரையின் அளவையும் பாதியாக்கினார். தினமும் நாடி பார்த்த பிறகுதான் மாத்திரை. அறுபதுக்குக் கீழே போனாலோ, திடீரென்று சீரானாலோ, வாந்தி வந்தாலோ, கண் மஞ்சளித்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு நேராக இங்கே வர வேண்டும்.

"நாடி யார் பாப்பீங்க?"

பெரியாத்தாள், "நான் பாக்குறனுங்க" என்றாள்.

"உங்களுக்குத் தெரியாதுங்க அத்தை" என்றாள் நஞ்சம்மாள், டாக்டர் வாயைத் திறப்பதற்குள்.

அன்றிலிருந்து மாத்திரைச் சீசா அவள் அலமாரியில் இருக்கிறது. காலையில் கம்பெனிக்கு டீ போனதும் அவள் பாயில் உட்காருவாள், சின்னவள் கையை நீட்டுவாள். கந்தப்பனுக்கு மறுபடி ஆர்டர் போகிறது. திருமூர்த்தி நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். பெரியாத்தாள் பெரிய மருமகளிடம் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தான் மறைத்ததை மருமகள் வெளியே சொன்னாள் என்பதைவிட, மறைத்தது தப்பு என்று ஊருக்குத் தெரிந்துபோனதுதான் அவளுக்குக் கோபம்.

நஞ்சம்மாளின் பொறாமை தீர்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால் அந்த வீட்டில் சிரிப்பார்கள். மேசை விசிறி இன்னும் சின்னவள் அறையில்தான் ஓடுகிறது, அதைப் பற்றி அவள் வாரம் ஒருமுறையாவது பேசுகிறாள். கார்த்திகையில் குழந்தையம்மாளின் அம்மா பல்லடத்திலிருந்து வந்தார். மகளின் மணிக்கட்டைத் தானே பிடித்துப் பார்த்து, "நல்லாத்தான் அடிக்குது" என்றார். நஞ்சம்மாள் அடுக்களையிலிருந்து ஈரக் கையோடு வந்தாள்.

"விடுங்க. அது நல்லா அடிக்குதா இல்லையான்னு எனக்குத்தான் தெரியும்" என்று அந்தக் கையை வாங்கிக்கொண்டாள். வந்த சம்பந்தியம்மாவுக்கு முகம் சிறுத்துவிட்டது. குழந்தையம்மாள் சிரித்தாள்.

அந்த மாதமே டாக்டர் இன்னொன்றையும் சொல்லியிருந்தார். இறுகிய கதவை மாத்திரை திறக்காது. வேலூரில் நெஞ்சைத் திறந்து, விரலை விட்டு அந்தக் கதவை விலக்கிவிடுகிறார்கள். செய்துகொண்டால் மூச்சு நன்றாகும். நடுக்கம் நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது, மாத்திரையும் நாடி பார்ப்பதும் தொடரும். ஆபத்தில்லாத ஆபரேஷன் இல்லை. செய்யாமல் விடுவது அதைவிட ஆபத்து.

செய்துகொள்வதென்று முடிவாகி வேலூருக்குக் கடிதம் போட்டார்கள். பெண்கள் வார்டில் துணைக்கு ஒரு பெண்தான் தங்கலாம் என்று பதில் வந்தது. பல்லடத்து அம்மா தான் வருவதாகச் சொன்னார். பெரியாத்தாளுக்கும் அதுதான் சரியென்று பட்டது.

"பெத்தவ இருக்கறப்ப நீ எதுக்கு? இங்க ஊட்டை ஆரு பாக்குறது?" என்றாள்.

"அக்காவே வரட்டுமுங்க" என்றாள் குழந்தையம்மாள்.

"ஏன், உன்ற அம்மா வேண்டாமா?" என்றாள் நஞ்சம்மாள்.

"அம்மா அழுவாங்க. நீங்க அழமாட்டீங்க. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா மொதல்ல கண்டுபுடிக்கிறதும் நீங்கதான். எந்நேரமும் என்னையத்தான பாத்துக்கிட்டு இருக்கறீங்க."

நஞ்சம்மாள் எழுந்து போய், தன் இரண்டு பெண்களுக்கும் சமையல் வேலைகளைப் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தாள்.

1974 தை மாதம், பொங்கல் கழிந்த வாரத்தில், வேலூருக்காகத் திருப்பூரிலிருந்து காட்பாடிக்கு ரயில் ஏறுகிறார்கள். திருமூர்த்தி இரண்டு பேரையும் சேர்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். நஞ்சம்மாள் வேலூரில் தங்குகிறாள்.